சிகாகோவிலிருந்து மினியாபொலிஸ்: இன்டர்ஸ்டேட் வேண்டாம், நாலு நாள் இருக்கிறது

தெற்குவீதி (அரோரா, இல்லினாய்)

வணக்கம். அப்பா, அம்மா ஊரிலிருந்து வந்து ஏழு வாரம் ஆகிறது. நயாகரா, நியூயார்க், சிகாகோ எல்லாம் காட்டியாயிற்று. வாரம் தவறாமல் பாலாஜி கோயில். போன ஞாயிறு சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே அப்பா கேட்டார்: "இந்த நாட்டுல வயலே கிடையாதாடா?"

மன்னார்குடிப் பக்கம் நாற்பது வருஷம் நெல் போட்டவர். நான் 14 வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன். இன்டர்ஸ்டேட் என்கிற பெருஞ்சாலையை விட்டு இறங்கியதெல்லாம் பெட்ரோலுக்கும் பாத்ரூமுக்கும்தான். அவருக்கு என்ன பதில் சொல்வது?

தங்கை மினியாபொலிஸில் இருக்கிறாள். வழக்கமாக 400 மைல், ஆறரை மணி நேரத்தில் போய்விடுவோம். இந்த முறை செப்டம்பர் கடைசியில் நாலு நாள் எடுத்துக்கொண்டு சின்ன ஊர்கள் வழியாகப் போகலாம் என்று எண்ணம். அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. அப்பாவுக்கு முட்டி வலி, மேடு ஏற முடியாது. யாராவது போயிருந்தால் வழி சொல்லுங்கள்.

வெண்டிக்காய் (நேப்பர்வில்)

சோளம், சோயா. சோளம், சோயா. நடுவில் ஒரு தண்ணீர் டாங்கி, அதில் ஊர் பேர். மறுபடி சோளம். இதற்கு நாலு நாளா? பெரியவர்களை அழைத்துக்கொண்டு விஸ்கான்சின் டெல்ஸ் என்ற சுற்றுலா ஊருக்குப் போய் ஒரு நாள் தங்கிவிட்டு நேராக மினியாபொலிஸ் போய்ச் சேருங்கள்.

மேடிசன்காரன்

வெண்டிக்காய் சார் சொல்வது இல்லினாயின் நடுப்பகுதிக்குச் சரி. இவர் போகிற திசையில் கதை வேறு. விஸ்கான்சினின் தென்மேற்கு, அயோவாவின் வடகிழக்கு, மினசோட்டாவின் தென்கிழக்கு, கலீனா இருக்கும் இல்லினாய் மூலை, இந்த நாலும் சேர்ந்த நிலத்துக்கு டிரிஃப்ட்லெஸ் என்று பெயர். பனியுகத்தில் பனிப்பாறைகள் நகர்ந்து சுற்றிலும் இருந்ததையெல்லாம் இஸ்திரி போட்டதுபோல் தட்டையாக்கிவிட்டன. இந்தத் துண்டு மட்டும் கடைசிச் சுற்றில் தப்பித்துவிட்டது. அதனால் குன்று, பள்ளத்தாக்கு, சுண்ணாம்புக்கல் பாறை, சில்லென்ற ஊற்று எல்லாம் அப்படியே இருக்கிறது. ரோடு பாம்பு மாதிரி வளையும்.

என் ஓட்டு விஸ்கான்சின் பக்கம்தான். மன்ரோ வழியாகப் போங்கள். லிம்பர்கர் என்று ஒரு சீஸ், நாற்றம் ஊரைத் தூக்கும். அமெரிக்காவில் அதைச் செய்கிற ஒரே ஆலை அந்த ஊர்ப் பக்கம்தான் இருக்கிறது. அப்புறம் 1845இல் சுவிஸ்காரர்கள் வந்து குடியேறிய நியூ கிளாரஸ், அப்புறம் மினரல் பாயிண்ட். 1830களில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து ஈயச் சுரங்கத்துக்கு வந்தவர்கள் கட்டிய கல்வீடுகள் இன்னமும் நிற்கின்றன. விஸ்கான்சினை 'பேட்ஜர் ஸ்டேட்' என்கிறார்களே, அது வளைக்கரடியைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. வீடு கட்டக்கூட நேரமில்லாமல் மலையில் வளை தோண்டிக் குளிர்காலத்தைக் கழித்த சுரங்கத் தொழிலாளிகளுக்கு வைத்த கேலிப் பெயர்.

இன்னொன்று. எங்கள் மாநிலத்தில் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ரோடுகளுக்கு எண் கிடையாது, எழுத்துதான். 'ஏ', 'எஃப்', 'இசட்இசட்' என்று இருக்கும். எந்தக் குக்கிராமத்துக்குப் போனாலும் தார் ரோடு. காரணம் பால். தினமும் பால் வண்டி பண்ணை வாசலுக்கு வந்தாக வேண்டும், மழையோ பனியோ. மாடு உபயத்தில் நமக்கு நல்ல ரோடு.

கடைசிபெஞ்ச் (சீடர் ராப்பிட்ஸ், அயோவா)

மேடிசன் அண்ணே, சீஸைக் காட்டி ஆளை இழுக்காதீங்க :) தெற்குவீதி, நீங்கள் அயோவா பக்கம் வாருங்கள். இங்கே எட்டு வருஷமாக இருக்கிறேன், சனிக்கிழமை ஆனால் இதே வேலை. வழி சொல்கிறேன்.

அரோராவிலிருந்து யு.எஸ். 20 நெடுஞ்சாலை பிடித்து மேற்கே கலீனா. அங்கே சாப்பாட்டை முடித்துவிட்டு டபியூக்கில் மிசிசிப்பியைத் தாண்டுங்கள். தாண்டியதும் வடக்கே திரும்பிவிட வேண்டும். பச்சை வெள்ளையில் கப்பல் சுக்கான் படம் போட்ட பலகை வரும், அதுதான் கிரேட் ரிவர் ரோடு. அதைப் பிடித்தால் பால்டவுன். நூறு பேர்கூட இல்லாத ஊர். அதில் 1852 முதல் நடக்கிற பிரைட்பாக்ஸ் என்ற சாப்பாட்டுக்கடை, மாநிலத்திலேயே பழசு. 2007 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தீப்பிடித்து எரிந்தது. சுற்றுவட்டாரத்து ஜனம் வந்து கைகொடுக்க, அடுத்த கோடையில் திறந்தார்கள். அக்டோபரில் மறுபடியும் எரிந்தது! மறுபடியும் கட்டினார்கள். கடைக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தால் கீழே ஆறு, எதிரே மூன்று மாநிலம்.

அப்புறம் குட்டன்பெர்க். அச்சு இயந்திரத்துக் குட்டன்பெர்க் பெயரில் ஒரு 't' கூடுதலாகப் போட்டு வைத்துக்கொண்டார்கள். அங்கே மிசிசிப்பியின் பத்தாம் எண் லாக் இருக்கிறது, தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகுகளைக் கடத்திவிடுகிற மதகுத் தொட்டி. தானியம் ஏற்றிய பார்ஜ்கள் (தட்டையான சரக்குப் படகுகள்) படிப்படியாக இறங்குவதை பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். முட்டி வலிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

அங்கிருந்து உள்ளே தள்ளி எல்கேடர். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்டாரே அப்துல் காதர், அவர் பெயர்! 1846இல் ஊருக்கு மனை பிரித்தவர்கள் செய்தித்தாளில் அவரைப் பற்றிப் படித்து வியந்து வைத்தது. அயோவா குக்கிராமத்தில் ஓர் அரபு வீரர் பெயர். ஆற்றின் மேல் 1889இல் கட்டிய கல் வளைவுப் பாலம் இன்னும் வண்டி தாங்குகிறது.

அப்புறம் மெக்ரெகர் பக்கத்தில் பைக்ஸ் பீக். கொலராடோ மலைக்குப் பெயர் கொடுத்த அதே பைக் என்ற ராணுவ அதிகாரி, 1805இல் இங்கேயும் வந்தார். 500 அடி உயரத்திலிருந்து விஸ்கான்சின் ஆறு மிசிசிப்பியில் கலப்பதைப் பார்க்கலாம். காரை நிறுத்துகிற இடத்திலிருந்து பத்தடி தூரம்தான், அப்பா சிரமப்பட வேண்டாம். கொஞ்சம் வடக்கே எஃபிஜி மவுண்ட்ஸ் உண்டு, பூர்வகுடிகள் கரடி வடிவிலும் பறவை வடிவிலும் எழுப்பிய மண்மேடுகள். ஆனால் அங்கே ஏற்றம் செங்குத்து. அதை விட்டுவிடுங்கள்.

மூன்றாம் நாள் டிகோரா, ஸ்பில்வில். நாலாம் நாள் லேன்ஸ்பரோ, வினோனாவில் ஆற்றைத் தாண்டி விஸ்கான்சின் 35ஆம் ரோடு, ஸ்டாக்ஹோம், பிரெஸ்காட், மினியாபொலிஸ். மேடிசன் அண்ணனுக்கும் கடைசியில் ஒரு பங்கு கொடுத்துவிட்டேன்.

மேடிசன்காரன்

கருணைக்கு நன்றி. ஸ்டாக்ஹோமில் பை (மாவுக்குள் பழம் வைத்துச் சுடுகிற பண்டம்) சாப்பிடாமல் தாண்டினால் என்னிடம் பேச வேண்டாம். அதுவும் நூறு பேர் இல்லாத ஊர்தான், பைக்கு மட்டும் வரிசை நிற்கும்.

அல்லிக்குளம்

யாரும் கேட்கத் தயங்குவதை நான் கேட்கிறேன். நம் நிறத்தோடு, அம்மா புடவையில், அந்த ஊர்களில் இறங்கினால் எப்படி இருக்கும்?

கடைசிபெஞ்ச்

நியாயமான கேள்விங்க. எட்டு வருஷத்தில் எனக்கு மோசம் என்று சொல்லும்படி நடந்தது ஒரே ஒரு தடவை. ஒரு பாரில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது, பத்து நிமிஷம் யாரும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். மற்றபடி வெறித்துப் பார்ப்பார்கள். நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் வெள்ளைக்காரர் இறங்கினால் நாம் பார்க்க மாட்டோமா, அந்தப் பார்வைதான். நீங்கள் முதலில் 'ஹலோ' சொல்லிவிட்டால் அப்புறம் அவர்கள் வாயை மூடுவது கஷ்டம்.

எல்லா ஊரும் வெள்ளையாகவே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். எல்கேடரிலிருந்து டிகோரா போகிற வழியில் போஸ்ட்வில். அங்கே இறைச்சி ஆலை உண்டு. யூத மதகுருக்கள், குவாத்தமாலாக்காரர்கள், சோமாலியர்கள் எல்லோரும் ஒரே தெருவில் நடப்பார்கள். 2008 மே மாதம் குடிவரவுத் துறை அந்த ஆலையில் சோதனை போட்டு ஒரே நாளில் 389 பேரைக் கைது செய்தது. ஊரே காலியானதுபோல் ஆகி, மறுபடி மெல்ல நிரம்பியது.

தெற்குவீதி

எல்லோருக்கும் நன்றி. அயோவா வழிதான். அறை போட்டாயிற்று. சாப்பாடு ஒன்றுதான் பயம். அம்மா தயிர்சாதம் கட்டிக்கொள்ளலாம் என்கிறார், நாலு நாளைக்கு எப்படி?

அல்லிக்குளம்

நான் இதில் பட்டவள், சொல்கிறேன். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது. பச்சை பீன்ஸில் பேக்கன் (பன்றி இறைச்சி) போட்டு வேகவைப்பார்கள், அவர்கள் கணக்கில் அது காய்கறி. சூப் எல்லாமே கோழிச்சாறு. பழைய கடைகளில் பை மாவுக்குப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, 'லார்டா, வெண்ணெயா' என்று கேட்டுவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வறுத்த சீஸ் சாண்ட்விச், சுட்ட உருளைக்கிழங்கு, ஹாஷ் பிரவுன், சாலட் இவை எங்கும் கிடைக்கும். பான்கேக்கில் முட்டை உண்டு. ஒரு சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப் போங்கள், ஊறுகாய் பாட்டில் ஒன்று, பருப்புப்பொடி. தயிர் எந்தக் கடையிலும் கிடைக்கும். விஸ்கான்சினில் அன்றைக்குப் போட்ட சீஸ் கர்ட் (அச்சில் அழுத்தாத புது சீஸ் துண்டு) வாங்கிக் கொடுங்கள், கடித்தால் பல்லில் கீச் கீச் என்று சத்தம் வரும். அடுத்த நாள் அந்தச் சத்தம் போய்விடும். ரென்னெட் (பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது) விஷயம் பார்ப்பவர் என்றால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெண்டிக்காய்

சரி, போகிறீர்கள் என்று முடிவாகிவிட்டது, நானும் உருப்படியாக ஏதாவது சொல்கிறேன். நான் ஏன் இந்தப் பக்க ரோடுகளை வெறுக்கிறேன் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை டயர் வெடித்து ஆறு மணி நேரம் ஒரு தானியக் கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு ஊர் மூடியிருக்கும். திங்கள் மியூசியமும் பாதிக் கடையும் மூடியிருக்கும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா பாருங்கள். டாங்க் பாதி ஆனதும் நிரப்புங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் செத்துவிடும், மேப்பை முன்பே இறக்கி வையுங்கள். பொழுது சாயும் நேரம் மான் குறுக்கே பாயும். ஒன்று பாய்ந்தால் பின்னால் இன்னொன்று வரும், பிரேக்கிலிருந்து காலை எடுக்காதீர்கள். ஆரஞ்சு முக்கோணம் தெரிந்தால் முன்னால் போவது ஆமிஷ் (கார் வைத்துக்கொள்ளாத ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) குதிரை வண்டியோ டிராக்டரோ. ஹாரன் அடிக்காதீர்கள். ஆமிஷ்காரர்களைப் படமும் எடுக்காதீர்கள்.

கடைசிபெஞ்ச்

அதோடு ஒன்று. அயோவாவில் 'லெவல் பி' என்று பலகை வைத்த ரோடு வந்தால் திரும்பிவிடுங்கள். வெறும் மண். உங்கள் பொறுப்பில் போங்கள் என்று அதிலேயே எழுதியிருக்கும். மேப்புக்கு அது தெரியாது.

தெற்குவீதி

போய் வந்தாயிற்று! நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் கலீனாவில் கூட்டம், எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மெழுகுவத்திக் கடை, ஃபட்ஜ் கடை, மறுபடி மெழுகுவத்திக் கடை. பால்டவுனில்தான் பயணம் தொடங்கியது. கடையில் கூட்டம், உட்கார இடம் இல்லை. வெளியே நின்றபடி ஆற்றைப் பார்த்த அப்பா, "இது காவிரி மாதிரி இல்லடா, கொள்ளிடம் மாதிரி" என்றார். அகலத்தைச் சொல்கிறார்.

குட்டன்பெர்க்கில் கடைசிபெஞ்ச் சொன்ன பெஞ்சில் இரண்டு மணி நேரம். ஒரு பார்ஜ் வரிசை லாக்குக்குள் நீளம் போதாமல் இரண்டாகப் பிரித்து அனுப்பினார்கள். முதல் பாதி உள்ளே போய், தண்ணீர் இறங்கி, வெளியேறி, அப்புறம் அடுத்த பாதி. பக்கத்தில் ஒரு வயதான தம்பதி தெர்மாஸில் காபி கொண்டுவந்து அதே வேலையாக உட்கார்ந்திருந்தார்கள். தினமும் வருவார்களாம். நான் அவசரப்பட்டேன், அப்பா நகரவில்லை.

எல்கேடரில் அம்மாவுக்குப் பிடித்தது பாலம் இல்லை, நூலகம். ஸ்பில்வில்லில் ஓர் ஆச்சரியம். செக் இசைமேதை துவோர்ஷாக் நியூயார்க்கில் வேலை பார்த்தபோது 1893 கோடையைக் கழிக்க வந்தது இந்தச் சின்ன ஊருக்குத்தான். அவருடைய உதவியாளரின் சொந்த ஊர் இது, அப்போது தெருவெல்லாம் செக் மொழி. வந்த சில நாளிலேயே ஒரு நால்வர் தந்தி இசையை எழுதிவிட்டார், இங்கே கேட்ட ஒரு பறவையின் குரலையும் அதில் சேர்த்தார். புனித வென்செஸ்லாஸ் தேவாலயத்தில் அவர் வாசித்த ஆர்கன் இன்னமும் இருக்கிறது. அவர் தங்கிய வீட்டின் கீழ்த்தளத்தில் கடிகார மியூசியம். இரண்டு விவசாயிச் சகோதரர்கள் குளிர்காலத்தில் பொழுது போகாமல் மரத்தில் செதுக்கிய ஆளுயரக் கடிகாரங்கள். "விவசாயிக்கு நாலு மாசம் லீவு விட்டா இப்படித்தான்" என்று அப்பா.

இனி மானம் போன கதை. ஸ்பில்வில்லை விட்டு வந்ததும் ரோடு நேராகிவிட்டது. குன்றெல்லாம் போய், மைலுக்கு ஒரு குறுக்கு ரோடு, கட்டம் போட்ட நோட்டு மாதிரி. நான் மேப் காட்டிய குறுக்கு வழியில் திரும்பினேன். பலகை இருந்தது. படித்தேன். 'ஒரு மைல்தானே' என்று நினைத்தேன். முந்தின ராத்திரி மழை. இருநூறு அடி போனதும் சக்கரம் நாலும் சேற்று உருண்டை. வண்டி மெதுவாகப் பக்கவாட்டில் வழுக்கி ஓடைப் பக்கம் சாய்ந்து நின்றது. அம்மா 'முருகா' என்றதோடு சரி, அதற்கு மேல் பேசவில்லை.

தூரத்தில் சோயா அறுத்துக்கொண்டிருந்த மெஷின் நின்றது. அதிலிருந்து ஒருவர் இறங்கி, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். போய்விட்டார் என்று நினைத்தேன். இருபது நிமிஷத்தில் டிராக்டரும் சங்கிலியுமாக வந்தார். அறுபது வயது இருக்கும். 'பலகையைப் பார்த்தீர்களா' என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். தலையாட்டினார், வேறு எதுவும் சொல்லவில்லை.

வண்டி மேலே வந்ததும் நான் பணத்தை நீட்ட, கையை ஆட்டிவிட்டார். அதற்குள் அப்பா வயலுக்குள் இறங்கி மண்ணை எடுத்து விரலில் தேய்த்துக்கொண்டிருந்தார். கரிசல் மாதிரிக் கறுப்பு, ஆனால் பொலபொலவென்று இருக்கிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் காய்ந்து நின்ற கதிரைக் காட்டி நான் "சோளம்" என்றேன். "மக்காச்சோளம்டா" என்று திருத்திவிட்டு, ஒரு மணியைப் பிய்த்துக் கடித்துப் பார்த்துத் துப்பினார். கல் மாதிரி. நான் மொழிபெயர்க்க, விவசாயி சிரித்தார். இது மனுஷன் தின்கிற சோளம் இல்லையாம், பன்றிக்கும் எத்தனாலுக்கும்.

அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் பேசினார்கள், நடுவில் நான். எத்தனை நிலம் என்று அப்பா கேட்டார். சொந்தமும் குத்தகையுமாக 1,100 ஏக்கர். அப்பா வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார். "நூத்தி அறுபத்தஞ்சு வேலி." (வேலி எங்கள் பக்கத்து நில அளவு.) எத்தனை ஆள் என்றார். அவரும் மகனும், அறுவடைக்கு மட்டும் மைத்துனர். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நடவுக்கு யார் பாட்டுப் பாடுவா?" என்றார். இதை எப்படி மொழிபெயர்ப்பது? விட்டுவிட்டேன்.

அவரும் ஒரு கேள்வி கேட்டார்: உங்கள் மகன் விவசாயம் பார்க்கவில்லையா? நான் அதை அப்பாவுக்குச் சொல்லும் முன்பே அப்பா என்னைப் பார்த்தார். கேள்வி புரிந்துவிட்டது போல. அந்தப் பெரியவருடைய பள்ளிக்கூடம் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்ந்துவிட்டதாம், கூடப் படித்தவர்களில் இங்கே மிச்சம் மூன்று பேர்.

அம்மா காரிலிருந்து முறுக்கு டப்பாவைக் கொண்டுவந்தார். ஒன்று எடுத்துக் கடித்தவர், டப்பாவோடு வாங்கி டிராக்டர் சீட்டில் வைத்துக்கொண்டார். பணத்துக்குக் கையை ஆட்டியவர் இதற்கு ஆட்டவில்லை.

மற்றவை சீக்கிரம். லேன்ஸ்பரோ அழகு, விலை அதிகம். ஸ்டாக்ஹோமில் பை சாப்பிட்டோம் (வெண்ணெய் என்றார்கள், ஆனாலும் அம்மா தொடவில்லை). எதிர்க்கரையில் லேக் சிட்டி தெரிந்தது, தண்ணீர்ச் சறுக்கு விளையாட்டு 1922இல் அங்கேதான் பிறந்ததாம். மூன்றாம் நாளிலிருந்து அப்பா ஒன்றைக் கற்றுக்கொண்டார். எதிரே வருகிற பிக்கப்காரர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே ஒரு விரலை மட்டும் தூக்குவார். அதுதான் இங்கத்திய வணக்கம். அப்பா பக்கத்து சீட்டிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் விரலைத் தூக்கிக்கொண்டே வந்தார். மினியாபொலிஸுக்குள் நுழைந்த பிறகும் தூக்கினார், யாரும் திருப்பித் தூக்கவில்லை.

அல்லிக்குளம்

'நடவுக்கு யார் பாட்டுப் பாடுவா' என்ற இடத்தில் நிறுத்திவிட்டு இரண்டு தடவை படித்தேன். அப்பாவுக்கு என் வணக்கம்.

கடைசிபெஞ்ச்

அந்தக் கட்டம் போட்ட நோட்டைப் பற்றி ஒன்று, அப்பாவிடம் சொல்லுங்கள். 1785இல் சட்டம் போட்டு அளந்தது. ஒரு மைலுக்கு ஒரு மைல் ஒரு செக்‌ஷன், 640 ஏக்கர். 36 செக்‌ஷன் ஒரு டவுன்ஷிப். ரோடு சும்மா நேராக இல்லை, வரப்பு மேலேயே ரோடு போட்டார்கள். சில இடத்தில் ரோடு காரணமில்லாமல் சட்டென்று ஒடிந்து தள்ளிப் போகும். பூமி உருண்டை, கட்டம் தட்டை, வடக்கே போகப் போகக் கோடுகள் நெருங்கும். அந்தப் பிசகைச் சரிக்கட்டுகிற இடம் அது.

பலகையைப் படித்துவிட்டும் போனதற்குத் தனியாகத் திட்டு உண்டு.

தெற்குவீதி

640 ஏக்கர் என்றால் தொண்ணூற்றாறு வேலி என்று உடனே சொல்லிவிட்டார்.

வெண்டிக்காய்

கார் கழுவ எவ்வளவு ஆச்சு?

தெற்குவீதி

மூன்று தடவை கழுவியாயிற்று சார். இன்னமும் சக்கரத்துக்கு உள்ளேயிருந்து காய்ந்த மண் உதிர்கிறது. கராஜைப் பெருக்கப் போனால் அப்பா விடவில்லை, ஒரு கைப்பிடி எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறார். ஊருக்குக் கொண்டுபோக விட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். போனில் மன்னார்குடி வானிலைக்குக் கீழே இப்போது ஸ்பில்வில் வானிலையும் சேர்த்திருக்கிறார். நேற்று அங்கே மழை காட்டியது. "அந்த மனுஷன் மிச்ச சோயாவை அறுத்திருப்பாராடா?" என்று காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்.